நெஞ்சு நொந்தால் நோயின் பெயரைச் சொல்லுங்கள்

நிலாவெளியில் இரவு பதினொரு மணிக்கு ஒரு முதியவருக்கு நெஞ்சு நொந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பது இந்தக் கரையோரத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். "வாய்வாக்கும்" என்று ஒரு குரல் வரும். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வரும். முதுகில் சித்தாலேப பூசுவார்கள். பிறகு இரண்டு பனடோல். ஒரு ஏவறை வந்துவிட்டால் வீடு நிம்மதியாகப் படுக்கும். வராவிட்டால் "விடியட்டும், பாப்பம்" என்பார்கள். பெரும்பாலான இரவுகளில் அது உண்மையிலேயே வாய்வுதான். அதனால்தான் இந்த வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது.

அந்த முதியவருக்கு ஜயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸ் என்ற நாடி அழற்சி இருந்தால், அந்த இரவை விடியும்வரை தள்ளிப்போடக் கூடாது. அந்த நெஞ்சு நோ வெறும் வாய்வாக இருக்கலாம். மாரடைப்பாக இருக்கலாம். அவர் விழுங்கும் குளிசையே தொண்டைக்குக் கீழே புண்ணாக்கியிருக்கலாம். பெருநாடியின் உட்சுவர் கிழியத் தொடங்கியிருக்கவும் கூடும். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நான்கும் ஒரே நோவாகத்தான் தெரியும். இந்த நோயோடு வாழ்பவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அந்த இரவுக்குத் தயாராக இருப்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தலை இழுக்கையில் தொடங்கும் நோய்

நோயைத் தமிழில் பெருங்கல நாடி அழற்சி என்று சொல்லலாம். வீங்கிய நாடியில் ஒரு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், பல கலங்கள் ஒன்றாகச் சேர்ந்து, பல கருக்களோடு பெரிய கலங்களாகத் தெரியும். பெயர் அதிலிருந்து வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கே இது வருகிறது. எழுபதுகளில் இருப்பவர்களிடம்தான் அதிகம். ஆண்களை விடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகப் பிடிக்கிறது.

முதலில் காதுக்கும் கண்ணுக்கும் நடுவே, நெற்றிப்பொட்டில் புதிதாக ஒரு தலையிடி வரும். தலை இழுக்கும்போது சீப்புப் பட்ட இடமெல்லாம் நோகும். அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. வெற்றிலை சப்பத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தாடை களைத்து நோகும், நிறுத்தினால் விடும், மறுபடி சப்பினால் மறுபடி பிடிக்கும். பலர் இதைப் பல் நோ என்று நினைத்துப் பல் வைத்தியரிடம் போகிறார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தோள்களும் இடுப்பும் விறைத்து, காலையில் கட்டிலை விட்டு எழும்புவதே பெரும்பாடாகும். சிலருக்கு எதுவுமே இல்லாமல் வாரக்கணக்கில் காய்ச்சல், உடம்பு மெலிவு, சோறு பிடிக்காமை மட்டும் இருக்கும்.

கண்தான் எல்லோருக்கும் உள்ள பெரிய பயம். கண் நரம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அடைபட்டால் நோவே இல்லாமல் பார்வை போய்விடும். போனது பெரும்பாலும் திரும்புவதில்லை. அதனால்தான் சந்தேகம் பலமாக இருக்கும்போது, பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் டொக்டர்மார் உடனே பிரெட்னிசலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசையைத் தொடங்குகிறார்கள். நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லிகிராம். ஐந்து மில்லிகிராம் குளிசையாகக் கிடைத்தால் ஒரு நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு. கையில் அத்தனை குளிசையைக் கொட்டிப் பார்க்கும்போது யாருக்கும் பயம் வரும். அந்தப் பயத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நோய் பழையது. பக்தாத்தில் வாழ்ந்த அலி இப்னு ஈசா என்ற கண் வைத்தியர், நெற்றிப்பொட்டு நாடிகளின் அழற்சியையும் பார்வை இழப்பையும் சேர்த்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். யான் வான் ஐக் 1436 இல் முடித்த ஓர் ஓவியத்தில் முழந்தாளிட்டிருக்கும் வான் டெர் பாலே என்ற முதிய பாதிரியாரின் நெற்றிப்பொட்டில் நாடி புடைத்து நிற்பதைக் கண்டு, அவருக்கு இந்த நோய் இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் சொன்னார்கள். 1890 இல் லண்டனில் ஜொனதன் ஹட்சின்சன், தலையில் சிவந்த கோடுகள் போல நாடிகள் வீங்கியதால் தொப்பி போட முடியாமல் தவித்த ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். 1932 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பெயார்ட் ஹோர்ட்டனும் கூட இருந்தவர்களும் நாடித் துண்டை எடுத்துப் பார்த்து நோயை உறுதிப்படுத்தினார்கள். அதே மேயோ கிளினிக்கில்தான் பிலிப் ஹெஞ்ச் 1948 இல் ஸ்டெரொயிட்டான கோர்ட்டிசோனை முதன்முதலாக ஒரு மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்தார். 1950 இல் அவருக்கும் மற்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கோர்ட்டிசோன் வருவதற்கு முன் இந்த நோயால் பார்வை போவதைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை.

ஓல்ம்ஸ்டெட் சொன்னது

இத்தனை காலமும் எல்லோரும் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோய்க்கே முன்பு "நெற்றிப்பொட்டு நாடி அழற்சி" என்றுதான் பெயர். அந்தப் பெயர் வழிதவற வைத்தது என்று நான் நினைக்கிறேன். தலையில் தெரிகிற நாடி தோலுக்கு அடியிலேயே இருப்பதால் கைக்கு அகப்படுகிறது. நெஞ்சுக்குள் இருப்பது அகப்படுவதில்லை.

இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி, முதலில் மேலே ஏறி, கழுத்துக்கும் கைகளுக்கும் கிளை விட்டு, வளைந்து, முதுகெலும்பின் ஓரமாகக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்க வேண்டியதால் அதன் சுவரில் இழுபடக்கூடிய நார்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அழற்சி அந்த நார்களைத் தின்கிறது. தின்ற இடத்தில், பழைய சைக்கிள் ரியூப் ஓரிடத்தில் மட்டும் புடைத்துக்கொண்டு வருவதைப் போல, சுவர் மெல்ல மெல்லப் புடைக்கும். இதற்கு நோ இல்லை. பல வருடங்கள் ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கும். ஒரு நாள் உட்சுவர் கிழிந்து, இரத்தம் சுவர்களுக்கு நடுவே புகுந்து ஓடலாம்.

இது எவ்வளவு பேருக்கு நடக்கிறது என்று எண்ணிப் பார்த்த முதல் பெரிய ஆய்வு, மேயோ கிளினிக் இருக்கும் மினசோட்டா மாநிலத்தின் ஓல்ம்ஸ்டெட் கவுண்டியில் நடந்தது. அங்கே வசிக்கும் ஒருவரின் மருத்துவப் பதிவு பல பத்தாண்டுகளுக்குத் தொலையாமல் இருக்கும். அதுதான் அந்த ஊரின் செல்வம். 1950 முதல் 1985 வரை இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட 96 பேரை எவன்ஸ், ஓஃபாலன், ஹன்டர் ஆகியோர் பின்தொடர்ந்து 1995 இல் எழுதினார்கள். நெஞ்சறைப் பெருநாடி புடைக்கும் அபாயம் மற்றவர்களை விட 17 மடங்கு. வயிற்றுப் பெருநாடிக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. நெஞ்சறையில் புடைத்த 11 பேரில் 6 பேர் பெருநாடி கிழிந்து திடீரென இறந்தார்கள். புடைப்பு பெரும்பாலும் நோய் கண்டு பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. தலையிடி எல்லாம் போய், குளிசை குறைந்து, "எல்லாம் சுகம்" என்று குடும்பம் நினைக்கும் காலம் அது.

பின்னர் பிரித்தானியாவில் இதைவிடப் பெரிய கூட்டத்தை வைத்துச் செய்த கணக்கில் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றே வந்தது. பதினேழுக்கும் இரண்டுக்கும் பெரிய தூரம். எங்கே, எப்படித் தேடினார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. கவனிக்க வேண்டுமா என்பதில் இல்லை.

பெருநாடி கிழியும் நோவுக்குச் சில அடையாளங்கள் உண்டு. மாரடைப்பு நோ பல வேளைகளில் மெல்லத் தொடங்கி அமுக்கிக்கொண்டு ஏறும். கிழிவின் நோ வந்த கணத்திலேயே உச்சத்தில் இருக்கும். "கத்தியால் கிழிச்ச மாதிரி" என்பார்கள். நெஞ்சில் தொடங்கி இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே முதுகுக்குப் போகும். அங்கிருந்து வயிற்றுக்கு இறங்கும். ஒரு கையின் நாடித்துடிப்பு மெலியலாம். மயக்கம் வரலாம். ஒரு பக்கம் செயலிழக்கலாம். இத்தனைக்கும் ஈசிஜி சரியாக இருக்கலாம்!

நோயின் பெயரைச் சொல்லச் சொல்லி நான் மன்றாடுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. நெஞ்சு நோவோடு ஒருவர் வந்து, ஈசிஜியில் மாரடைப்பின் அடையாளம் இருந்தால், நம் நாட்டின் பெரும்பாலான வைத்தியசாலைகளில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். அது சரியான சிகிச்சை; ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் பெருநாடி கிழிந்து, அந்தக் கிழிவு இதய நாடியின் வாயை அமுக்குவதால் ஈசிஜி மாறியிருந்தால், அதே ஊசி ஆளைக் கொல்லலாம். இரண்டையும் பிரித்தறிய டொக்டருக்கு முதலில் சந்தேகம் வர வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டு கையிலும் பிரஷர் பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார், எக்கோ பார்ப்பார், சி.ரி. ஸ்கானுக்கு அனுப்புவார். சந்தேகத்தைக் கொடுக்கக்கூடியது நோயாளியின் வாயிலிருந்து வரும் ஒரே ஒரு வாக்கியம்தான்.

நம் டொக்டர்மாருக்குத் தெரிந்த பெருநாடி வேறு

வட ஐரோப்பியரிடம், அதிலும் ஸ்கண்டினேவிய வழிவந்தவர்களிடம் இந்த நோய் மிகுதி. ஆசியரிடம் அரிது. இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ படித்த ஒரு டொக்டர் தன் வாழ்நாளில் இந்த நோயாளிகளில் மிகச் சிலரையே கண்டிருக்கக்கூடும். அவருக்கு "பெருநாடி அழற்சி" என்றதும் நினைவு வருவது தக்கயாசு நோய். 1908 இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகித்தோ தக்கயாசு விவரித்தது; இளம் பெண்களைப் பிடிப்பது; கையில் நாடித்துடிப்பே இல்லாமல் போவதால் துடிப்பற்ற நோய் என்றும் பெயர்.

தெற்காசியாவில் தக்கயாசு அதிகம். அதைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டதில் ஒரு பங்கு தமிழ்நாட்டின் வேலூரில் இருந்து போனது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தேபாஷிஷ் தாண்டா உட்பட இந்திய மருத்துவர்கள் சேர்ந்து உருவாக்கிய ஐ.ரி.ஏ.எஸ். 2010 என்ற மதிப்பீட்டு முறை, நோய் எரிந்துகொண்டிருக்கிறதா அடங்கிவிட்டதா என்று நோயாளியின் உடலைப் பார்த்துப் புள்ளி போட உதவுகிறது. ஒவ்வொரு தடவையும் விலையுயர்ந்த ஸ்கானுக்கு வழியில்லாத நாடுகளில் இருந்துதான் இப்படியான ஒரு முறை வர முடியும். இதை ஒரு பெருமையாகவே சொல்கிறேன்.

நம் மண்ணில் பெருநாடி அழற்சியைப் புரிந்துகொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கண் தேடுவது இருபது வயதுப் பெண்ணை. எழுபத்திரண்டு வயது அம்மம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும்போது, வயதுக்குரிய மாரடைப்பும் வாய்வும்தான் முன்னால் நிற்கும். வெளிநாட்டில் நோய் கண்டுபிடிக்கப்பட்டு, ரொறன்ரோவிலோ லண்டனிலோ மகளோடு இருந்துவிட்டு ஊருக்கு வந்து நிற்கும் பெற்றோர் பலர் நம் கரையோரத்தில் உண்டு. அங்கே அவர்களுடைய டொக்டருக்கு இந்த நோய் பழக்கம். இங்கே வந்ததும் அவர் எழுதிக் கொடுத்த கடிதம் சூட்கேசின் அடியில் கிடக்கிறது.

மருந்தும் நெஞ்சை நோகடிக்கும்

பெருநாடியைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு இதையும் சொல்ல வேண்டும். இந்த நோயாளிகளின் நெஞ்சு நோக்களில் பெரும்பாலானவை பெருநாடி கிழிவால் வருவன அல்ல. ஒவ்வொரு நெஞ்சு நோவுக்கும் சாவை எண்ணிக்கொண்டிருந்தால் வாழ்க்கை நரகமாகிவிடும்.

மாரடைப்பு முன்வரிசையில் நிற்கிறது. பிரித்தானியாவில் 3,408 நோயாளிகளை வைத்து 2014 இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. நோய் கண்ட முதல் மாதத்தில்தான் ஆபத்து மிகக் கூடுதல். காலில் இரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போய் அடைப்பதும் தொடக்க மாதங்களில் கூடுகிறது. மூச்சு இழுக்கும்போது குத்துகிற நெஞ்சு நோ, திடீரென இளைப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்று வந்தால் அதை நினைக்க வேண்டும்.

இதற்கு அடுத்தது எலும்புக்குக் கொடுக்கும் குளிசை. ஸ்டெரொயிட் எலும்பை மெலியச் செய்வதால் கல்சியத்தோடும் விற்றமின் டீயோடும் வாரத்துக்கு ஒரு தடவை அலென்ட்ரோனேட் கொடுப்பது வழக்கம். அந்தக் குளிசை உணவுக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். விடியவெள்ளன வெறும் வயிற்றில், ஒரு முழுக் கிளாஸ் சாதாரணத் தண்ணீரோடு, நிமிர்ந்து இருந்து விழுங்க வேண்டும். அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, பால் தேத்தண்ணியும் கூடாது. நம் வீடுகளில் நடப்பது என்ன? கட்டிலில் கிடந்தபடியே ஒரு மிடறு தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு மறுபடி படுப்பது. பிறகு நெஞ்சுக்கு நடுவே எரிகிறது, விழுங்க நோகிறது. ஒரு கிளாஸ் தண்ணீரால் தீரக்கூடிய விஷயம் இது.

விழுங்கும்போது நோகிறது, நாக்கில் வெள்ளைப் படலம் இருக்கிறது என்றால் உணவுக்குழாயில் பூஞ்சை பிடித்திருக்கலாம், மருந்து உண்டு. குனிந்து ஒரு வாளியைத் தூக்கியதும் முதுகில் "டக்" என்று ஒரு நோ வந்து, விலாவைச் சுற்றி முன்னால் வரை வந்தால், மெலிந்த முள்ளந்தண்டு எலும்பு நொறுங்கியிருக்கலாம். நெஞ்சின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போட்டது போல எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் போட்டால் அது அக்கி. ஸ்டெரொயிட் எடுப்பவர்களுக்கு அக்கி கடுமையாக வரும். காவி பூசிக்கொண்டு வீட்டில் இருக்காமல் மூன்று நாளுக்குள் வைரஸ் மருந்து தொடங்கிவிட வேண்டும்.

இருமல் தனிக் கதை. நோய் தொடங்கும்போதே ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வறட்டு இருமலோ தொண்டை நோவோ இருக்கும். சிலருக்கு அதுதான் முதல் அறிகுறி. ஸ்டெரொயிட் தொடங்கியதும் அந்த இருமல் நாட்களில் போய்விடும். மாதக்கணக்கில் மருந்து எடுத்த பிறகு புதிதாக வரும் இருமல் வேறு. அது கிருமியின் வேலையாக இருக்கலாம். ஸ்டெரொயிட் காய்ச்சலை அமுக்கி வைக்கும் என்பதால், "காய்ச்சல் இல்லைத்தானே" என்று ஆறுதல் அடைய முடியாது. பழைய காசநோய் மறுபடி எழும்பலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம்.

திருகோணமலை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். மெலியோயிடோசிஸ் என்ற நோயைத் தரும் பக்டீரியா, வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. இலங்கையில் அதை முதன்முதலாகப் பதிவு செய்தது 1927 இல். பிறகு பல பத்தாண்டுகள் மறந்தே போனது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஈனோக்கா கொரியாவும் அவருடைய குழுவும் தேடத் தொடங்கிய பிறகுதான், நாடு முழுவதும் அது பரவியிருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. மாரி மழைக் காலத்தில் கூடும். நீரிழிவுள்ளவர்களையும் ஸ்டெரொயிட் எடுப்பவர்களையும் தேடிப் பிடிக்கும். அதிகம் தாக்குவது நுரையீரலை: காய்ச்சல், இருமல், நெஞ்சு நோ, இளைப்பு. சாதாரண நியூமோனியாவுக்குக் கொடுக்கும் மருந்துகள் பலவற்றுக்கு அது மசியாது. செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி பத்து நாளுக்குக் குறையாமல் போட்டு, அதன் பின் மாதக்கணக்கில் குளிசை எடுக்க வேண்டும். அதனால் மாரியில் வயலுக்குள் இறங்கியிருந்தால், வெள்ளத்தில் நடந்திருந்தால், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள். சப்பாத்துப் போடுங்கள். வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களின் தோல் வழியே நுழையும் ஸ்ட்ரோங்கிலொயிட்ஸ் என்ற புழுவும், ஸ்டெரொயிட்டால் உடல் தளரும்போது நுரையீரல் வரை பெருகிவிடக்கூடியது.

இவ்வளவையும் வாசித்துவிட்டு "அப்ப இந்தக் குளிசையே வேண்டாம்" என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. இந்தக் கட்டுரையால் ஒருவர் மருந்தை நிறுத்தினால் அது நான் செய்த பாவம். வாரக்கணக்கில் ஸ்டெரொயிட் எடுத்த உடம்பு, தானே சுரக்க வேண்டிய கோர்ட்டிசோலை மறந்துவிடுகிறது. திடீரென நிறுத்தினால் பிரஷர் விழும், வாந்தி, மயக்கம், உயிராபத்து. கண்ணும் போகலாம். வாந்தி வந்து குளிசை வயிற்றில் தங்காவிட்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய் ஊசி வழியாகப் பெற வேண்டும். 2022 இல் நாடு மருந்துக்குத் தவித்ததைப் பார்த்தோம். அப்படி ஒரு காலம் மறுபடி வரலாம். கையில் இரண்டு வாரத்துக்கான குளிசை எப்போதும் மிச்சமாக இருக்கட்டும்.

டொசிலிசுமாப் என்ற புதிய ஊசி மருந்தைச் சேர்த்தால் ஸ்டெரொயிட்டை விரைவாகக் குறைக்கலாம் என்று 251 பேரை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை 2017 இல் காட்டியது. விலை பெரிது, நம்மில் மிகச் சிலருக்கே எட்டும். வெளிநாட்டில் அதைப் போட்டுக்கொண்டு ஊருக்கு வருபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அந்த மருந்து சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனையை அமுக்கிவிடும். நெஞ்சில் கிருமி பிடித்திருந்தாலும் அறிக்கை சுத்தமாக வரும். நீங்கள் சொல்லாவிட்டால் டொக்டர் அறிக்கையை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

வாழும் விதம்

நெஞ்சில் ஏதாவது உணர்ந்தால் உடனே பயம் வருகிறது. பயத்தில் நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பையே நோய் என்று எண்ணி இன்னும் பயம் வருகிறது. பல நோயாளிகள் இதில் சுழல்கிறார்கள். ஸ்டெரொயிட்டும் தன் பங்குக்குத் தூக்கத்தைக் கெடுத்து மனதைக் குழப்பும். பிரெட்னிசலோன் முழுவதையும் காலையிலேயே, சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் இரவு கொஞ்சம் இலகுவாகும். "உங்களுக்கு மனப்பயம்" என்று மட்டும் சொல்லி ஒருவரை அனுப்பிவிடுவது சரியில்லை. பயம் உண்மை. பயத்துக்குக் காரணமும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தவரை பயத்துக்கு நல்ல மருந்து, பெருநாடியின் அளவைத் தெரிந்துகொள்வது. எக்கோவில் பெருநாடி இதயத்தை விட்டுப் புறப்படும் பகுதி தெரியும்; முழுதாகப் பார்க்கச் சி.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். கிளினிக்கில் கேளுங்கள்: "என்ர பெருநாடி எத்தனை சென்ரிமீற்றர்?" அந்த எண்ணைக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். பெருநாடியின் மேலேறும் பகுதி நாலு சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருப்பவர் ஓரளவு நிம்மதியாகத் தூங்கலாம். நாலரை என்றால் அடிக்கடி பார்ப்பார்கள். ஐந்தரையை நெருங்கினால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். அதற்குக் கொழும்பு, கண்டி போன்ற இடங்களுக்குப் போக வேண்டியிருக்கும். தலையிடி போய்ப் பல வருடம் ஆனாலும் இந்தக் கேள்வியை விடாதீர்கள்.

பிரஷரை அடக்கி வைப்பது பெருநாடிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம். கருவாடும் ஊறுகாயும் உப்பைத் தவிர வேறு என்ன? கடற்கரையில் வளர்ந்த நாக்குக்கு இது கடினம் என்று தெரியும். புகைத்தலை விட்டே ஆக வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். கரைவலை இழுக்கும்போதோ, கொடியில் துணி போடும்போதோ ஒரு கை மட்டும் களைத்து நொந்தால், தோளுக்குப் போகும் நாடி ஒடுங்கியிருக்கலாம். அது பெருநாடியும் நோயில் சிக்கியிருப்பதற்கு ஒரு தடயம். விடியற்காலையில் கடற்கரை ஓரமாக ஈர மணலில் நடப்பது எலும்புக்கும் மனதுக்கும் நல்லது. பாரம் தூக்கி மூச்சை அடக்குவது வேண்டாம்.

எது காத்திருக்கலாம், எது கூடாது? சாப்பிட்ட பின் எரிகிறது, ஏவறை வந்தால் குறைகிறது, பல மாதமாக ஒரே மாதிரி இருக்கிறது என்றால் அடுத்த கிளினிக் வரை பொறுக்கலாம். அப்போதும் சொல்லத் தவறக் கூடாது. திடீரென வந்த நோ, முதுகுக்குப் பாயும் நோ, வியர்வையோடு வரும் நோ, இளைப்பு, மயக்கம், பேச்சுக் குழறல், கண் மங்கல் என்றால் ஒரு நிமிடமும் பொறுக்க முடியாது. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இன்று நாடு முழுவதும் ஓடுகிறது. நிலாவெளியில் இருந்து திருகோணமலைப் பொது வைத்தியசாலை பதினைந்து கிலோமீற்றர் அளவு. ஓட்டோவில் போனாலும் போய்விடலாம்தான். ஆனால் ஓட்டோவில் ஒட்சிசன் இல்லை, வழியில் பிரஷர் பார்க்க ஆளும் இல்லை. மாரடைப்பென்று நினைத்து வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினைக் கொடுக்க எண்ணினால், முதலில் 1990 இலக்கத்தில் பேசுபவரிடம் இந்த நோயைச் சொல்லி, அவர் சொன்ன பிறகு கொடுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்று. அதற்குக் காசு வேண்டாம், கொழும்புக்குப் போகவும் வேண்டாம். கிளினிக் கொப்பியின் முன் மட்டையில், சிவப்புப் பேனையால், நோயின் பெயரை ஆங்கிலத்தில் பெரிதாக எழுதித் தரும்படி உங்கள் டொக்டரைக் கேளுங்கள். அதன் கீழே ஐந்து விஷயங்கள்: பெருநாடி பாதிக்கப்படக்கூடிய நோய் இது என்று ஒரு வரி, இப்போது எடுக்கும் பிரெட்னிசலோன் எத்தனை மில்லிகிராம், நிறுத்தக் கூடாது என்ற குறிப்பு, பெருநாடியின் கடைசி அளவும் திகதியும், வீட்டில் உள்ள ஒருவரின் தொலைபேசி இலக்கம். தமிழ் தெரியாத டொக்டரும் சிங்களம் தெரியாத நோயாளியும் நடுச்சாமத்தில் சந்திக்கும் நாடு இது. மயங்கிக் கிடப்பவருக்காக அந்த மட்டை பேச வேண்டும். கொப்பி எங்கே இருக்கிறது என்று பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும். இரவு இஞ்சித் தேத்தண்ணி வைக்க எழும்புகிறவர் அடுப்பை மூட்டுவதற்கு முன் அந்தக் கொப்பியை எடுக்கட்டும்.